எந்த மிஸ்ஸி?

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஈப்போவிலிருந்து என் அக்கா மகள் கூப்பிட்டாள். குரலிலேயே சந்தோஷம் தெரிந்தது.

“சின்னம்மா, பாப்பாவுக்கு லண்டன்ல நர்சிங் படிக்க இடம் கெடச்சிருச்சு. நீங்க படிச்ச அதே படிப்புதான். மனநலம்.”

பல்கலைக்கழகம் எந்த ஊரில் என்று கேட்டேன். லண்டனிலிருந்து ரயிலில் இரண்டு மணி நேரம் போக வேண்டிய ஊர். ஆனால் எங்கள் குடும்பத்துக்கு இங்கிலாந்து முழுவதுமே லண்டன்தான். 1973-லும் அப்படித்தான்.

“மூணு வருஷம் முடிச்சிட்டு, அங்கயே கொஞ்ச நாள் வேலை பாத்துட்டு, அப்புறம் உங்க ஊருக்கு வந்துருவா சின்னம்மா. இல்லாட்டி அமெரிக்கா. நர்சுக்கு எங்க போனாலும் வேலை இருக்கே!”

வாழ்த்துச் சொன்னேன். மனப்பூர்வமாகத்தான் சொன்னேன். சாயங்காலம் பாப்பாவிடம் நானே பேசுகிறேன் என்று சொல்லிப் போனை வைத்தேன். அதற்குப் பிறகு வேலை எதுவும் ஓடவில்லை. “எங்க போனாலும்” என்றாளே, அதுதான் உறுத்தியது. ஐம்பது வருடத்துக்கு முன் என் அப்பாவும் இதையேதான் சொன்னார். அன்று ஒரே ஒருவர்தான் என்னிடம் ஒரு கேள்வி கேட்டார். அதை நாங்கள் யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

நான் பிறந்து வளர்ந்தது பேராக்கில் ஒரு ரப்பர் தோட்டத்தில். அப்பாவும் அம்மாவும் பால் மரம் வெட்டினார்கள். ஐந்தாம் படிவம் முடித்து எம்.சி.இ. தேறிய முதல் சில பெண் பிள்ளைகளில் நானும் ஒருத்தி. அந்தக் காலத்தில் மலேசியப் பெண் பிள்ளைகள் நிறையப் பேர் இங்கிலாந்துக்குத் தாதி வேலை படிக்கப் போனார்கள். படிக்கும்போதே சம்பளம் மாதிரி ஒரு தொகை கொடுப்பார்கள், தங்க இடம் கொடுப்பார்கள். கப்பல் காசோ விமானக் காசோ தேற்றிவிட்டால் போதும். ஏரோகிராமில் மூன்று மருத்துவமனைகளுக்கு எழுதிப் போட்டேன். ஒன்றிலிருந்து பதிலே இல்லை. இன்னொன்று ஒன்றரை வருடம் காத்திரு என்றது. மூன்றாவது, இங்கிலாந்தின் தெற்கில் இருந்த ஒரு பெரிய மனநோய் மருத்துவமனை. மூன்றே வாரத்தில் ‘வா’ என்று எழுதிவிட்டார்கள்.

அந்தக் கடிதத்தை எடுத்துக்கொண்டு அப்பா தோட்டம் முழுக்கச் சுற்றினார். “எம்மக லண்டன்ல மிஸ்ஸி ஆகப் போறா. இனிமே ஒலகத்துல எங்க போனாலும் பொழச்சுக்குவா.” கோயில் பூசாரிக்குக் காட்டினார். கடைக்காரச் சீனருக்குக் காட்டினார். கடைசியில் தோட்டத்து ஆஸ்பத்திரி டிரசரிடம் காட்டினார்.

தோட்டத்தில் வாழ்ந்தவர்களுக்கு டிரசர் யார் என்று சொல்ல வேண்டியதில்லை. டாக்டர் மாதம் ஒருமுறை வருவார். மற்ற நாளெல்லாம் டிரசர்தான் டாக்டர். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு கடிதத்தை இரண்டு முறை படித்தார். அப்பாவிடம் எதுவும் சொல்லவில்லை. என்னைப் பார்த்துக் கேட்டார்: “நீ எந்த மிஸ்ஸிம்மா ஆகப் போற? அதுல பல வகை இருக்கு. இது ஆர்.எம்.என்.னு போட்டிருக்கு. பொது ஆஸ்பத்திரி மிஸ்ஸிக்கு எஸ்.ஆர்.என்.னு போடுவாங்க. கேட்டுக்கிட்டியா?”

எனக்கு 19 வயது. “முதல்ல போய்ச் சேர்றேன் ஐயா, அங்க போய்க் கேட்டுக்கறேன்” என்றேன். அப்பா சிரித்தார். அம்மாவின் சங்கிலி ஏற்கெனவே அடகுக் கடைக்குப் போய்விட்டது. தோட்டத்துப் பையன்கள்தான் கிண்டல் செய்தார்கள்: “தஞ்சோங் ரம்புத்தான் பக்கத்துலயே இருக்கே, அதுக்கு லண்டன் போகணுமா?” பேராக்காரர்களுக்கு அந்த ஊர்ப் பெயர் ஒன்றே போதும். 1911-இல் கட்டிய மனநோய் மருத்துவமனை இருக்கிற ஊர்.

இங்கிலாந்தில் தாதிகளுக்கு ஒரே பதிவேடுதான். ஆனால் அதில் பல பகுதிகள். பொதுத் தாதி ஒரு பகுதி, மனநோய்த் தாதி ஒரு பகுதி, குழந்தைகள் தாதி ஒரு பகுதி, மனவளர்ச்சி குன்றியோருக்கான தாதி ஒரு பகுதி. நம் நாடுகளில் முதலில் பொதுவாக எல்லாம் படித்து, பிறகு ஒரு துறையில் தனியாகப் படிப்பார்கள். அங்கே அப்படி இல்லை. முதல் நாளே ஒரு வாசல் வழியாக உள்ளே விடுவார்கள். இன்றைக்கும் அந்த நான்கு பிரிவும் அங்கே இருக்கின்றன.

மூன்று வருடம் படித்தேன். பொது மருத்துவமனையில் இருந்தது அதில் சில வாரங்கள்தான். பிரசவ வார்டை எட்டிக்கூடப் பார்க்கவில்லை. ஆனால் யாரோடும் பேசாமல் எட்டு மாதம் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்த மனிதரின் பக்கத்தில் எப்படி உட்காருவது, பயந்துபோய் நாற்காலியைத் தூக்குகிறவரிடம் எந்தக் குரலில் பேசுவது, சிரித்துக்கொண்டே “நல்லா இருக்கேன்” என்று சொல்கிறவர் இன்று இரவு உயிரை விடப் பார்ப்பாரா என்று எப்படிக் கணிப்பது, இதெல்லாம் கற்றேன். இது கற்றுக்கொள்ள மூன்று வருடம் போதாது.

1976-இல் தேறினேன். மேலும் ஒன்றரை வருடம் படித்தால் பொதுத் தாதியாகவும் பதிவு செய்யலாம். என் கூட்டாளிகள் சிலர் போனார்கள். போனால் மறுபடி மாணவிச் சம்பளம். நான் ஊருக்கு மாதா மாதம் பணம் அனுப்பிக்கொண்டிருந்தேன். தம்பி படித்துக்கொண்டிருந்தான். அடுத்த வருடம் போகலாம் என்றேன். அடுத்த வருடம் கல்யாணம். அதற்கடுத்து மகன். பிறகு மகள். அந்த ஒன்றரை வருடம் என் வாழ்க்கையில் வரவே இல்லை.

ஆனால் அந்த வாசலின் இன்னொரு பக்கத்தையும் சொல்லாவிட்டால் நான் பாதிக் கதை சொன்னவள் ஆவேன்.

1983-இல் இங்கிலாந்தில் மனநலச் சட்டத்தைப் புதுப்பித்தார்கள். அதில் ஐந்தாம் பிரிவின் நான்காம் உட்பிரிவு எங்களுக்காக வந்தது. தானாக விரும்பி வந்து சேர்ந்த நோயாளி ஒருவர் திடீரென்று வெளியே போக முயல்கிறார், போனால் அவருக்கோ பிறருக்கோ ஆபத்து, உடனே டாக்டர் கிடைக்கவில்லை என்றால், ஒரு தாதி கையெழுத்துப் போட்டு அவரை ஆறு மணி நேரம் வரை நிறுத்தி வைக்கலாம். அதற்குள் டாக்டர் வந்து பார்க்க வேண்டும். எல்லாத் தாதிக்கும் இந்த அதிகாரம் இல்லை. மனநோய்ப் பகுதியிலோ மனவளர்ச்சிக் குறைப் பகுதியிலோ பதிவு செய்தவருக்குத்தான்.

1984 குளிர்காலத்தில் ஒரு இரவு. பக்கத்து வார்டில் என் தோழி பொறுப்பில் இருந்தாள். கேரளத்துப் பெண், பொதுத் தாதி, என்னைவிட அதிகம் படித்தவள். பதினொரு மணிக்குப் போன் செய்தாள். “உடனே வா. ஒரு அம்மா கோட்டு போட்டுக்கிட்டு கதவுகிட்ட நிக்கறாங்க. டாக்டர் வேற இடத்துல மாட்டிக்கிட்டார். என்னால கையெழுத்துப் போட முடியாது.”

ஓடினேன். குழந்தை பெற்று ஆறு வாரம் ஆன ஒரு பள்ளி ஆசிரியை. தானே வந்து சேர்ந்தவர். “நான் வீட்டுக்குப் போகிறேன், என்னைத் தடுக்க உங்களுக்கு உரிமை இல்லை” என்று அமைதியாகச் சொன்னார். அந்த அமைதிதான் எனக்குப் பயமாக இருந்தது. மருத்துவமனைக்குப் பின்னால் ரயில் பாதை. வீடு எந்தப் பக்கம் என்று கேட்டேன். அவர் காட்டியது பாதையின் பக்கம்.

பதினைந்து நிமிடம் பேசினேன். பிறகு தாளை எடுத்துக் காரணத்தையும் மணியையும் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். ஒரு மனுஷியின் சுதந்திரத்தை என் பேனா நிறுத்துகிறது என்ற நினைப்பில் கை நடுங்கியது. அவர் என்னைத் திட்டிய வார்த்தைகளை இங்கே எழுத முடியாது. இரண்டரை மணி நேரம் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். டாக்டர் வந்தார். சில வாரம் கழித்து அந்த அம்மா குழந்தையைத் தூக்கிக்கொண்டு கணவரோடு வீட்டுக்குப் போனார். என்னைப் பார்த்துத் தலையை மட்டும் அசைத்தார். அதற்குப் பிறகு அவரைப் பற்றி எனக்குத் தெரியாது.

1989-இல் கணவரின் வேலைக்காக மெல்பர்ன் வந்தோம். அந்த நேரத்தில் வந்தவர்களுக்கு வீட்டுக்கடன் வட்டி நினைவிருக்கும். 17 சதவீதம்! இரண்டு சம்பளம் இல்லாமல் முடியாது. விக்டோரியாவில் என் பதிவை ஏற்றுக்கொண்டார்கள், மனநோய்த் தாதியாக. 1993-ஆம் வருடத் தாதியர் சட்டத்துக்குப் பிறகு எங்களுக்கு ‘மூன்றாம் பிரிவு’ என்று பெயர். பொதுத் தாதிகள் முதல் பிரிவு. மாநிலத்தின் பெரிய மனநோய் மருத்துவமனைகளை ஒவ்வொன்றாக மூடிக்கொண்டிருந்த காலம் அது. நான் வேலை பார்த்த இடமும் சுருங்கியது. வீடு வீடாகப் போய் நோயாளிகளைப் பார்க்கும் குழுவில் என்னைப் போட்டார்கள். காரில் போக ஐம்பது நிமிடம், வர ஐம்பது நிமிடம்.

1996-இல் மகள் பன்னிரண்டாம் வகுப்பு. வீட்டுக்குப் பக்கத்தில் வேலை இருந்தால் நன்றாக இருக்கும் என்று தோன்றியது. எங்கள் வீட்டிலிருந்து பத்து நிமிடத்தில் ஒரு முதியோர் இல்லம். ஆள் தேவை என்று வாசலிலேயே பலகை. உள்ளே போய்ப் பார்த்தால் பாதிப் பேருக்கு மறதி நோய், சிலர் கத்துகிறார்கள், சிலர் இரவில் நடக்கிறார்கள். ‘இது என் வேலை, இருபது வருடமாக இதைத்தானே செய்கிறேன்’ என்று நினைத்தேன்.

பொறுப்பில் இருந்த அம்மையார் என் சான்றிதழைப் புரட்டினார். “நீங்கள் மூன்றாம் பிரிவு. எனக்கு முதல் பிரிவு வேண்டும்” என்றார்.

விட்டுக்கொடுக்க மனமில்லாமல் வாதாடினேன். ஆயிரக்கணக்கில் ஊசி போட்டிருக்கிறேன் என்றேன். அவர் கோபப்படவில்லை. “ராத்திரி இரண்டு மணிக்கு ஒருவருக்கு நெஞ்சு வலிக்கிறது, இன்னொருவருக்கு மூத்திரக் குழாய் அடைத்துக்கொண்டது, மூன்றாமவர் இடுப்பை உடைத்துக்கொண்டார். நீங்கள் ஒருவர்தான் இருக்கிறீர்கள். என்ன செய்வீர்கள்?” என்று கேட்டார்.

ஏதோ பதில் சொன்னேன். சரியான பதில் இல்லை என்று எனக்கே தெரிந்தது. காருக்கு வந்து ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு அழுதேன். அவர் சொன்னது அநியாயம் என்று அழவில்லை. பாதி நியாயம் என்று தெரிந்ததால்தான் அழுகை வந்தது. மீதிப் பாதி? அந்த இல்லத்தில் இரவில் கத்துகிற கிழவருக்குத் தூக்க மாத்திரையைத் தவிர வேறு வழி தெரிந்தவர் யாருமில்லை. அதற்கு என்னைப் போன்ற ஒருத்தி தேவைதான். ஆனால் சம்பளப் பட்டியலில் ஒரு தாதிக்குத்தான் இடம், அவர் எல்லாம் தெரிந்தவராக இருக்க வேண்டும்.

மறுபடி பல்கலைக்கழகம் போய் முதல் பிரிவுக்கு மாறலாம் என்றார்கள். எனக்கு 42 வயது. வீட்டுக்கடன், இரண்டு பிள்ளைகள். 1977-இல் சொன்ன அதே காரணங்கள்தான்.

அந்த ஐம்பது நிமிட வேலையிலேயே இன்னும் இருபது வருடம் இருந்தேன். அதில் எனக்குக் குறையில்லை. குளோசபின் சாப்பிடுகிறவர்களுக்கு முதல் பதினெட்டு வாரம் வாரா வாரம் இரத்தம் பார்க்க வேண்டும், வெள்ளை அணு குறைந்தால் உயிருக்கே ஆபத்து. அதைக் கண்கொத்திப் பாம்பாகப் பார்த்துக்கொண்டோம். இருபது வருடம் ஆஸ்பத்திரியிலேயே கிடந்த ஒருவர், தன் சொந்தச் சாவியால் தன் சொந்த வீட்டுக் கதவைத் திறப்பதைப் பார்த்திருக்கிறேன். அந்த நாளுக்கு எந்தப் பிரிவும் ஈடில்லை.

2010 ஜூலை 1-ஆம் தேதி மாநிலப் பதிவேடுகள் போய், நாடு முழுவதற்கும் ஒரே பதிவேடு வந்தது. ஆப்ரா என்கிறோமே, அதுதான். யார் வேண்டுமானாலும் கணினியில் பெயரைத் தட்டிப் பார்க்கலாம். ஒருநாள் மகன் தட்டிப் பார்த்துவிட்டு, “அம்மா, நீங்க ஏதாவது தப்பு பண்ணீங்களா? பேருக்குப் பக்கத்துல ஏதோ போட்டிருக்கே” என்றான். மனநலத் துறையில் மட்டும் தகுதி பெற்றவர் என்ற குறிப்பு அது. தண்டனை இல்லை, என் தகுதியின் எல்லையைச் சொல்கிறது என்று விளக்கினேன். அவனுக்குப் புரிந்தது. ஆனால் அம்மா இருந்திருந்தால் அவருக்கு எப்படி விளக்கியிருப்பேன் என்று நினைத்துக்கொண்டேன். கடைசி வரை அவர் ஊரில் எல்லாருடைய மருந்துச் சீட்டையும் வாங்கி வைத்திருந்து, நான் போனால் என்னிடம் நீட்டுவார்: “எம்மக லண்டன் மிஸ்ஸி, அவளுக்குத் தெரியாதது இல்ல.” நானும் ஒருநாளும் மறுத்துச் சொன்னதில்லை.

2018 மே 31-ஆம் தேதி பதிவைப் புதுப்பிக்காமல் விட்டேன். குறிப்பும் அதோடு போயிற்று.

அன்று சாயங்காலம் பாப்பாவிடம் இதையெல்லாம் சொன்னேன். நடுவில் ஒருமுறைகூடக் குறுக்கிடாமல் கேட்டாள். பிறகு அவளிடம் மூன்று விஷயம் சொன்னேன். முதலாவது, படித்து முடித்தால் பதிவேட்டில் உன் பெயருக்கு எதிரே என்ன எழுதுவார்கள் என்று கேள். இரண்டாவது, அடுத்து எந்த நாட்டுக்குப் போக நினைக்கிறாயோ, அந்த நாட்டுப் பதிவு வாரியத்திடம் இன்றைக்கே எழுத்தில் கேள், ஏஜெண்டிடம் கேட்காதே. அமெரிக்காவில் மருத்துவம், அறுவை, பிரசவம், குழந்தை, மனநலம் என்று ஐந்திலும் பாடமும் வார்டு மணி நேரமும் கேட்பார்கள். மனநலம் மட்டும் படித்தவர்களில் பெரும்பாலானோர் அங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள். மூன்றாவது, பின்னால் மாற வேண்டுமென்றால் எத்தனை மாதம் ஆகும், அதுவரை யார் சோறு போடுவார்கள் என்று இப்போதே கணக்குப் போடு. பிள்ளை குட்டி வந்த பிறகு அந்தக் கணக்கு தீராது. இங்கிலாந்திலேயே சில பல்கலைக்கழகங்களில் பொதுத் தாதிப் படிப்பும் மனநலமும் சேர்த்து நான்கு வருடத்தில் படிக்கலாம் என்பதையும் சொன்னேன்.

“அப்ப போக வேணாங்கறீங்களா, சின்னப் பாட்டி?”

“நான் அப்படிச் சொல்லலம்மா. நீ ஏன் இதைக் கேட்ட, அதைச் சொல்லு. சீட்டு சுலபமா கெடச்சுதுன்னா?”

கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு சொன்னாள்: “தாத்தாவுக்காக.”

அவள் தாத்தா, என் அத்தான், இரண்டு முறை தஞ்சோங் ரம்புத்தானில் இருந்தார். ‘சிங்கப்பூருக்கு வேலைக்குப் போயிருக்கார்’ என்று ஊரில் சொன்னோம். நானும்தான் சொன்னேன், மனநோய்த் தாதியாக இருந்துகொண்டே. பிள்ளைக்குத் தெரியாது என்று நினைத்திருந்தோம்.

“அங்க யாராவது தாத்தா பக்கத்துல உக்காந்து பேசியிருப்பாங்களா பாட்டி? எனக்கு அந்த வேலைதான் வேணும்.”

எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. அந்த ஆறு மணி நேரக் கதையை அப்போதுதான் அவளுக்குச் சொன்னேன். “வருத்தமா இருக்கா பாட்டி, அந்தப் படிப்பு படிச்சதுக்கு?” என்று கேட்டாள். “படிச்சதுக்கு இல்ல. கேக்காமப் போனதுக்குத்தான்” என்றேன்.

அக்கா மகளுக்கு என் மேல் கொஞ்சம் மனத்தாங்கல்தான். “நல்ல நேரத்துல தடங்கல் மாதிரி பேசறீங்களே சின்னம்மா” என்றாள். இருக்கட்டும். பாப்பா நான்கு வருடப் படிப்புக்கு மாற முடியுமா என்று பல்கலைக்கழகத்துக்கு எழுதியிருக்கிறாள். இங்குள்ள வாரியத்துக்கும் எழுதியிருக்கிறாள். பதில் இன்னும் வரவில்லை. வராவிட்டால் மூன்று வருடப் படிப்புக்கே போவேன், தெரிந்தே போவேன் என்கிறாள்.

உங்கள் வீட்டிலும் பேரப் பிள்ளைகள் யாராவது இப்படி வெளியூர்க் கடிதத்தோடு வந்தால், இனிப்பு கொடுங்கள், கட்டி அணைத்துக்கொள்ளுங்கள். அதோடு எங்கள் தோட்டத்து டிரசர் ஐயா கேட்டதையும் கேட்டுவிடுங்கள். அவர் 1981-இல் காலமாகிவிட்டார். ஊருக்குப் போயிருந்தபோது ஒருமுறை அவரைப் பார்த்தேன். “எந்த மிஸ்ஸின்னு கேட்டியாம்மா?” என்று கேட்டார். “இல்லீங்க ஐயா” என்றேன். சிரித்துவிட்டு, குடிக்கத் தேத்தண்ணி போடச் சொன்னார்.